உப்பில் இல்லாத நிறம்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள்.
உயுனியில் தலைகீழ்.
உப்பு தின்றுதான் குப்பைக்குப் போகின்றன வண்டிகள்.

ஃபாவுஸ்தாவின் லேண்ட் குரூசருக்கு முப்பத்தொரு வயது.
நீர் உறையும் காலையிலும்
இரண்டாவது இருமலில் கிளம்பிவிடும் என்ஜின்.
சட்டம் திடம். உடல்தான்,
கதவைச் சாத்தினால் பொருக்குப் பொருக்காய் உதிரும்.
போன பருவத்தில் பின்சீட்டுக்காரி ஒருத்தி
தன் இரு பாதங்களுக்கு நடுவே ஓடிய பாதையைப்
படமெடுத்துக்கொண்டாள்,
அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்ததுபோல் சிரித்தபடி.

பொத்தோசியிலிருந்து லாரியில் வந்தது இன்னொரு உடல்.
வறண்ட ஓடையொன்றில் வேகமாய் இறங்கி
சட்டம் வளைந்துபோன வண்டியுடையது.
கண்ணாடி நாலும் முழுசு. துரு, காதோரம் மட்டும்.

பழையதைக் கழற்ற எட்டு போல்ட்.
ஆறு பேசின.
இரண்டுக்கு நெருப்பு வைக்க வேண்டியிருந்தது.
கம்பிகளுக்கெல்லாம் சீட்டு ஒட்டினான் கொழுந்தன் ரெம்பெர்த்தோ:
விளக்கு.
இதுவும் விளக்கு.
ஹாரன் என நினைக்கிறேன்.
கடவுளுக்குத் தெரியும்.

தூக்கிவிட எட்டுப் பேர் வந்தார்கள்.
நாலு பேரே அதிகம்,
அவ்வளவுதான் மிச்சம் வைத்திருந்தது உப்பு.

பிறகு பட்டி பார்த்தல். தேய்த்தல். மறுபடி பட்டி.
உப்பு தின்ற இடத்தையெல்லாம்
உப்புத்தாளே சமன் செய்தது.
வெள்ளைக்குக் கீழே மஞ்சள்,
மஞ்சளுக்குக் கீழே ஏதோ சுரங்கக் கம்பெனியின் சாம்பல்,
அதற்கும் கீழே
யாரோ ஆணியால் கீறிய ஒரு கூட்டல் கணக்கு,
விடை தப்பு.

என்ன நிறம் என்பதில் மூன்று நாள் சண்டை.
வெள்ளை வேண்டாம், வெள்ளையில் தொலைந்துவிடும்.
நீலமா? மழைக்காலத்தில் தரையே வானமாகிவிடும்.
சிவப்பை அந்தி தின்னும், இளஞ்சிவப்பை நாரைகள்.
பச்சை, என்றாள் ஃபாவுஸ்தா.
தீவுக் கள்ளிகளை விட்டால்
அங்கே வேறெதுவும் பச்சை இல்லை.

காலையில் அடித்தால் குளிரில் காயாது.
மதியம் அடித்தால் காற்று மண்ணை அள்ளிப் பூசும்.
பத்திலிருந்து பன்னிரண்டரைக்குள் முடிக்க வேண்டும்.
கம்ப்ரசருக்கும் அந்த உயரத்தில் மூச்சு வாங்கும்,
நின்று நின்று ஊதும்.

கூரையைத் துடைக்கையில்தான் கண்டாள்,
ஓட்டுநர் தலைக்கு மேலே
உள்ளிருந்து வெளியே புடைத்த ஒரு மேடு.
உடலைப் பொருத்தத் தோள் கொடுக்க வந்த பதினாலு பேரில்
கசிமீரோவும் ஒருவன், விற்றவன்.
தொப்பியைக் கழற்றிக் காட்டினான்,
வகிடுபோல் ஒரு தழும்பு.
"என் தலைதான் அது. தட்டிவிடு, பரவாயில்லை,
மறுபாதி என்னிடம் இருக்கிறது."
எல்லோரும் சிரித்தார்கள்.
அவனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

சுத்தியலை எடுத்தாள். வைத்துவிட்டாள்.
ஏன் என்றான் ரெம்பெர்த்தோ.
மணி பதினொன்றாகிறது, பேசாமல் குழாயைப் பிடி என்றாள்.

பச்சை இறங்கியது.
இடது கதவில் ஒரு விட்டில் வந்து ஒட்டி
அங்கேயே நிரந்தரமானது.
நான்கு சக்கரங்களிலும் பீர் ஊற்றினார்கள், பூ தூவினார்கள்,
பூவில் பாதியைக் காற்று பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனது.

அலுவலகத்தில் கேட்டார்கள்:
தாளில் வெள்ளை என்றிருக்கிறதே, அதே வண்டிதானா?
சட்டத்தின் எண்ணைத் துடைத்துக் காட்டினாள்.
எழுத்தர் குனிந்து படித்தார், நிமிர்ந்து
பச்சையைப் பார்த்தார்,
மறுபடி குனிந்தார்.

இப்போது உப்புவெளியில், தொலைவில்
ஒரு பட்டாணி உருள்வதுபோல் தெரிகிறது.
மேடுபள்ளம் வந்தால்
பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கூரையைப் பிடித்துக்கொள்வார்கள்.
அந்தக் குழிவுக்குள்
ஃபாவுஸ்தாவின் தலை எட்டாது.
ஒரு சாண் குள்ளம் அவள்.